அப்பாவின் கேள்வியும் ஸ்டோயிக்குகள் சொல்லித்தந்த நிதானமும்

"கதவைப் பூட்டியாச்சா?"

"பூட்டியாச்சுப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், அறை வாசலைத் தாண்டுவதற்குள் மறுபடியும் அதே கேள்வி வரும். அப்பாவுக்கு மறதி நோய் வந்த இரண்டாவது வருடம் அது. இரவு 9 மணியிலிருந்து அவர் தூங்கும்வரை இந்தக் கேள்விதான். ஒருநாள் எண்ணிக்கொண்டே பதில் சொன்னேன். 14ஆவது தடவை கத்திவிட்டேன். "எத்தனை தடவைதான் சொல்றது? வேணும்னே கேக்கறீங்களா?"

அவர் பயந்துபோய்க் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எதற்காக இந்தச் சத்தம் என்று அவருக்குப் புரியவில்லை. ஐந்து நிமிடத்தில் நான் கத்தியதையும் மறந்துவிட்டார். எனக்குத்தான் அந்த முகம் மறக்கவில்லை. இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்து, விடிந்ததும் ‘இனி கத்தவே மாட்டேன்’ என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். அந்தச் சத்தியம் மூன்று நாள் தாங்கியது.

அதற்குப் பிறகு வந்த நான்கு வருடங்களில் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஸ்டோயிக் தத்துவம் என்ற பெயரை நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். உணர்ச்சியை அடக்கிக்கொண்டு கல் மாதிரி இருக்கச் சொல்வது என்றுதான் பெரும்பாலும் அதைப் புரிந்துகொள்கிறோம். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டேன். அப்படியே ஒரு வருடம் வாழ்ந்தும் பார்த்தேன், அதில் அடியும் பட்டேன். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கும், சட்டென்று கோபப்பட்டுவிட்டுப் பிறகு உள்ளுக்குள் குமைபவர்களுக்கும் என் அனுபவம் கொஞ்சம் உதவும் என்று நம்புகிறேன்.

உடன் வேலை பார்க்கும் ஒருவர்தான் என் நிலைமையைப் பார்த்துவிட்டு, எபிக்டெட்டஸ் என்ற ஸ்டோயிக் ஆசிரியரின் கையேட்டைக் கொடுத்தார். சின்னச் சின்னப் பகுதிகளாக மொத்தம் 53. ஒரே மூச்சில் படித்துவிடலாம். படித்து முடித்ததும் இவர்கள் எல்லாம் யார் என்று தேடிப் போனேன். கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸ் நகரில், ஓவியங்கள் தீட்டிய ஒரு தூண் மண்டபத்தில் ஜீனோ என்பவர் பாடம் சொல்லத் தொடங்கினார். அந்த மாதிரி மண்டபத்துக்குக் கிரேக்க மொழியில் ‘ஸ்டோவா’ என்று பெயர். அங்கே கூடியவர்கள் ஸ்டோயிக்குகள் ஆனார்கள். அந்த முதல் தலைமுறை எழுதியதில் துண்டு துணுக்குகள்தான் மிச்சம். இன்று நாம் படிப்பது பெரும்பாலும், ரோமப் பேரரசின் காலத்தில் வாழ்ந்த மூன்று பேருடையது. ரோமப் பேரரசர் நீரோவுக்கு ஆசிரியராகவும் ஆலோசகராகவும் இருந்து, கி.பி. 65இல் அதே நீரோவின் ஆணையால் உயிரை மாய்த்துக்கொண்ட செனகா. 161 முதல் 180 வரை பேரரசராக இருந்த மார்க்கஸ் அரேலியஸ். அடிமையாக இருந்து விடுதலை பெற்று ஆசிரியரான எபிக்டெட்டஸ்.

எனக்கு நெருக்கமானவர் எபிக்டெட்டஸ். அவருக்குக் கால் ஊனம். சொந்த உடம்பின்மேலேயே உரிமை இல்லாமல் பல வருடம் வாழ்ந்த மனிதர். அவர் ‘உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது’ என்று கேட்கும்போது எனக்கு அது வெறும் பேச்சாகத் தோன்றவில்லை. உடம்பு, சொத்து, பதவி, ஊர் நம்மைப் பற்றி நினைப்பது எல்லாம் முழுக்க நம் வசத்தில் இல்லை. நம் தீர்மானம், நம் விருப்பு வெறுப்பு, நாம் எடுக்கும் முயற்சி, இவை நம் வசம். கையேட்டின் முதல் பகுதியே இதுதான்.

படித்ததும் ‘அப்படியானால் என் கோபம் என் வசத்தில்தான் இருக்கிறது, அதை நான் வரவே விடக்கூடாது’ என்று முடிவு கட்டினேன். அங்கேதான் தவறினேன்.

அடுத்த ஒரு வருடம் நான் கத்தவில்லை. உண்மைதான். அப்பா கேட்பார், நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே குரலில் பதில் சொல்வேன். முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. அதை நிதானம் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் எழுந்தால் தாடை வலிக்கும். மாலையானால் தலைவலி. அப்போது என் மகளுக்கு 9 வயது. ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, நீ தாத்தாகிட்ட பேசறப்ப உன் முகம் வேற யாரோ மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். கத்திய காலத்தில்கூட அவள் என்னைப் பார்த்துப் பயந்ததில்லை.

அப்பாவும் அதை உணர்ந்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். மறதி நோய் பெயர்களையும் தேதிகளையும் கொண்டுபோய்விடும். எதிரில் இருப்பவர் பிரியமாக இருக்கிறாரா, வெறுப்போடு இருக்கிறாரா என்பதைத் தெரிந்துகொள்ளும் திறன் அவரிடம் கடைசிவரை இருந்தது. என் இறுகிய குரல் அவருக்குப் பதற்றத்தைக் கூட்டியது. பதற்றம் கூடினால் கேள்வியும் கூடும்.

இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது ஒரு கப்பல் கதை. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கெல்லியஸ் என்ற ரோம எழுத்தாளர், தன் கண்ணால் பார்த்ததாக அதை எழுதிவைத்திருக்கிறார். கிரேக்கப் பக்கத்திலிருந்து இத்தாலியின் பிருண்டிசியம் துறைமுகத்துக்குக் கப்பலில் போகிறார்கள். நடுக்கடலில் கடும் புயல். கப்பலில் பேர்பெற்ற ஸ்டோயிக் ஆசிரியர் ஒருவரும் இருக்கிறார். இந்த நேரத்தில் இவர் எப்படி இருக்கிறார் பார்ப்போம் என்று கெல்லியஸ் அவரைத் தேடிப் பார்க்கிறார். மற்றவர்களைப் போல அவர் புலம்பவில்லை. ஆனால் முகம் மற்றவர்களைப் போலவே வெளிறிக் கிடக்கிறது.

புயல் ஓய்ந்ததும் கெல்லியஸ் மரியாதையோடு காரணம் கேட்கிறார். அந்த ஆசிரியர் தன் பையிலிருந்து எபிக்டெட்டஸ் உரைகளின் 5ஆம் புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிறார். அதில் இருந்தது இதுதான். திடீரென்று பெரிய சத்தம் கேட்டாலோ, ஆபத்தான செய்தி வந்தாலோ, ஞானியின் மனமும் ஒரு கணம் அதிரும், சுருங்கும், முகம் வெளிறும். அறிவு முன்னால் வருவதற்குள் உடம்பு முந்திக்கொள்கிறது. அதில் யாருடைய குற்றமும் இல்லை. அந்த அதிர்ச்சி கொண்டுவரும் ‘இது பெரிய கொடுமை’ என்ற தீர்ப்புக்குச் சாதாரண மனிதன் உடனே தலையாட்டிவிடுகிறான். ஞானி தலையாட்டுவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

எபிக்டெட்டஸ் தன் கைப்பட எதையும் எழுதவில்லை. மாணவர் அர்ரியன் குறித்துவைத்த உரைகளில் இன்று 4 புத்தகங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. அந்த 5ஆம் புத்தகம் தொலைந்துவிட்டது. ஒரு பயணி தான் பார்த்ததைக் குறித்துவைத்ததால் இந்த ஒரு பகுதி தப்பிப் பிழைத்து என் கைவரைக்கும் வந்திருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நன்றியாக இருக்கும்.

செனகாவும் கோபத்தைப் பற்றி இதையே சொல்கிறார். உடம்பில் குளிர்ந்த நீர் பட்டால் சிலிர்க்கிறதே, அந்த மாதிரிதான் கோபத்தின் முதல் அசைவு. அதை யாராலும் தடுக்க முடியாது. இரண்டாவதாக ஒரு தீர்ப்பு வருகிறது: ‘எனக்கு அநியாயம் நடந்துவிட்டது, இதற்குப் பதிலடி கொடுக்கவேண்டியதுதான்’ என்று. அதற்கு மனம் சம்மதித்துவிட்டால் மூன்றாவது கட்டம். அப்போது கோபம் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும்.

ஒரு வருடமாக நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தது அந்த முதல் சிலிர்ப்போடு! அதுதான் என் வசத்தில் இல்லாத பகுதி. என் வசத்தில் இருந்த இரண்டாவது கட்டத்தை நான் கவனிக்கவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோதும் உள்ளே அந்தத் தீர்ப்புக்குச் சம்மதம் கொடுத்துக்கொண்டேதான் இருந்தேன். வெளியே வராத கோபம் தாடைக்குள் போயிருந்தது.

அன்றிலிருந்து வேறு மாதிரி செய்ய ஆரம்பித்தேன். அப்பா கேட்டதும் நெஞ்சில் குப்பென்று சூடு ஏறும். ஏறட்டும் என்று விட்டுவிடுவேன். இரண்டு பாதமும் தரையில் அழுந்தியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். அந்தச் சூட்டோடு சேர்ந்து மனதில் ஒரு வாக்கியம் வரும். அதைப் பிடிப்பதுதான் வேலை. முதலில் பிடிபடவே இல்லை, அவ்வளவு வேகமாக வந்து போய்விடும். சில வாரம் கழித்துப் பிடிபட்டது. "வேணும்னே பண்றார்." இதுதான் அடிக்கடி வந்தது. அப்புறம், "இவ்வளவு செஞ்சும் ஒரு நன்றி இல்லை." இன்னும் சோர்ந்த நாட்களில், "என் வாழ்க்கையே இப்படிப் போயிடுச்சு."

இவற்றை ஒரு தாளில் எழுதி, பகல் நேரத்தில், தலை தெளிவாக இருக்கும்போது பார்த்தேன். வேண்டுமென்றே செய்கிறாரா? மூளை செல்கள் அழிந்துகொண்டிருக்கும் ஒரு மனிதர், இரண்டு நிமிடத்துக்கு முன் நடந்தது பதிவாகாத ஒரு மனிதர், எதைத் திட்டமிட்டுச் செய்ய முடியும்? அந்த வாக்கியம் பொய். வெறும் பொய். ஒரு பொய்க்காக நான் அப்பாவைப் பயமுறுத்தியிருக்கிறேன். ‘என் வாழ்க்கையே போயிடுச்சு’ என்பதில் பாதி உண்மை இருந்தது. தூக்கம் போயிருந்தது, தோழிகளைப் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அதற்குத் தேவை வாரத்தில் இரண்டு இரவு அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள். கத்துவதால் அந்த ஆள் வரப்போவதில்லை. கணவரிடம் பேசி அதற்கு ஏற்பாடு செய்தேன்.

மனதில் தோன்றும் ஒவ்வொரு எண்ணத்தையும் பார்த்து, ‘நீ ஒரு தோற்றம், நீ காட்டிக்கொள்கிற பொருளே நீ என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்’ என்கிற மாதிரி பேசிப் பழகச் சொல்கிறார் எபிக்டெட்டஸ். கேட்க விசித்திரமாக இருக்கும். செய்து பார்த்தால் புரியும். ஒரு எண்ணத்தோடு பேச ஆரம்பித்த உடனே அதற்கும் நமக்கும் நடுவில் ஒரு அடி இடைவெளி கிடைத்துவிடுகிறது. எனக்கு அந்த ஒரு அடி போதுமானதாக இருந்தது.

அந்த இடைவெளியில் நின்று அப்பாவைப் பார்த்தபோதுதான் கேள்வியே வேறாகத் தெரிந்தது. அவர் கதவைப் பற்றிக் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார். நாம் எல்லோரும் பத்திரமாக இருக்கிறோமா என்றுதான் ஒவ்வொரு இரவும் கேட்டுக்கொண்டிருந்தார். குடும்பத்தைக் காவல் காத்துப் பழகிய மனிதர், மற்றதெல்லாம் மறந்த பிறகும் அந்தக் கடமையை மட்டும் விடாமல் பிடித்திருந்தார். அதற்கப்புறம் கதவைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு "எல்லாரும் உள்ள வந்தாச்சுப்பா, பத்திரமா இருக்கோம்" என்று சொல்ல ஆரம்பித்தேன். சில நாள் வாசல்வரை கூட்டிப்போய் தாழ்ப்பாளை அவர் கையாலேயே தொட்டுப் பார்க்கவைத்தேன்.

கேள்வி நின்றுவிட்டதா என்றால், நிற்கவில்லை. கொஞ்சம் குறைந்தது, அவ்வளவே. என் பக்கத்தில்தான் பெரிய மாற்றம். 14ஆவது தடவையும் முதல் தடவை போலப் பதில் சொல்ல முடிந்தது. எல்லா நாளும் அல்ல, பல நாட்கள்.

‘ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு’ என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆத்திரம் வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. செனகா சொல்லும் மருந்து, தள்ளிப்போடுவது. கோபத்துக்கு அதைவிடப் பெரிய மருந்து இல்லை என்கிறார். நான் அதை மிக எளிமையாகச் செய்தேன். சூடு ஏறினால் ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்கப் போவேன். போய்விட்டு வர ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் தப்பிய வார்த்தைகளை எண்ணினால் கணக்கில் அடங்காது. எழுத்தில் வரும் கோபத்துக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். கடுப்பில் அடித்த பதிலை அனுப்பாமல் வைத்திருந்து மறுநாள் காலையில் படிப்பேன். பெரும்பாலும் அழித்துவிடுவேன்.

அப்படி அழித்தவற்றில் பாதி, தம்பிக்கு எழுதியவை. அவன் தூரத்தில் இருந்தான். வாரம் இரண்டு தடவை கூப்பிட்டு "அப்பா எப்படி இருக்கார்?" என்பான். பணம் அனுப்புவான். வருவது அபூர்வம். அவன் போன் வைத்த பிறகு எனக்குள் ஒரு வழக்கே நடக்கும். வாதியும் நான்தான், நீதிபதியும் நான்தான்.

கையேட்டின் 43ஆம் பகுதி என் வீட்டைப் பார்த்தே எழுதின மாதிரி இருந்தது. எந்த விஷயத்துக்கும் இரண்டு கைப்பிடி உண்டு, ஒன்றைப் பிடித்தால் தூக்கலாம், மற்றதைப் பிடித்தால் தூக்க முடியாது என்கிறார். அதற்கு அவர் காட்டும் உதாரணமே, அநியாயம் செய்யும் சகோதரன். ‘அநியாயம் செய்கிறான்’ என்ற கைப்பிடியால் தூக்காதே. ‘இவன் என் சகோதரன், என்னோடு வளர்ந்தவன்’ என்ற கைப்பிடியால் தூக்கு.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு போவதுதான் ஸ்டோயிக் வழி என்று நினைத்துவிட வேண்டாம். அறிவு, நீதி, தைரியம், அடக்கம் என்று அவர்கள் நான்கு நற்குணங்களைச் சொல்கிறார்கள். நீதி அதில் ஒன்று. பாரம் ஒரே தோளில் கிடப்பது நீதியில்லை, அதை வாய்விட்டுச் சொல்ல தைரியமும் வேண்டும். கைப்பிடி மாறினால் சொல்லும் விதம் மாறுகிறது. நான் தம்பியைக் கூப்பிட்டு, குறை எதுவும் சொல்லாமல், "வருஷத்துல ரெண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து நாள் நீ வந்து அப்பாகூட இருக்கணும். எனக்கு ஓய்வு வேணும். நீ இருந்தா அவர் முகம் தெளியுது" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்பாவை இப்படிப் பாக்க எனக்குப் பயமா இருக்குக்கா" என்றான். வராமல் இருந்ததற்குக் காரணம் அலட்சியம் என்று மூன்று வருடம் தீர்ப்பு எழுதிவைத்திருந்தேன். அவன் பயந்துகொண்டிருந்தான். அதற்கப்புறம் வந்தான். நான் கேட்ட பத்து நாள் ஒருமுறை ஏழு நாளானது. பரவாயில்லை.

நோய் முற்றியபோது வேறொரு சிக்கல் வந்தது. அப்பா என்னை மறந்துவிடக் கூடாது என்று தினமும் மாலை பழைய புகைப்படங்களைக் காட்டி "இது யாருப்பா?" என்று கேட்பேன். சரியாகச் சொன்னால் அன்று எனக்குத் திருவிழா. சொல்லாவிட்டால் சமையலறைக்குள் போய் அழுவேன். என் சந்தோஷத்தை முழுக்க அவருடைய ஞாபகத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன், அந்த ஞாபகமோ நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தது.

ஸ்டோயிக்குகள் சொல்லும் வில்லாளி உதாரணம், ரோம அரசியல்வாதியும் எழுத்தாளருமான சிசரோவின் எழுத்தில் வருகிறது. குறி பார்த்து எய்ய வில்லாளி தன்னால் ஆனதையெல்லாம் செய்கிறான். அம்பு போய்க் குறியில் படுவதை அவன் விரும்பலாம், ஆனால் அவன் அடையவேண்டிய லட்சியம், தன்னால் ஆனதை எல்லாம் நன்றாகச் செய்து முடிப்பதுதான். அம்பு விரலை விட்டுப் போன பிறகு காற்று வீசலாம், குறியே நகர்ந்துவிடலாம். உடல்நலம், ஞாபகம், நல்ல பெயர் இவையெல்லாம் வேண்டாதவை என்று அவர்கள் சொல்லவில்லை. தேர்ந்தெடுக்கத் தகுந்தவைதான், அவற்றுக்காக உழைக்கத்தான் வேண்டும். மன நிம்மதியை மட்டும் அவற்றின் கையில் கொடுத்துவிடக் கூடாது.

மருந்து நேரத்துக்குப் போனதா, மருத்துவரிடம் கேட்கவேண்டியதைக் கேட்டேனா, இன்றைக்கு அவரோடு உட்கார்ந்திருந்தேனா? இவற்றை என் கணக்காக வைத்துக்கொண்டேன். ஞாபகப் பரீட்சையை நிறுத்தினேன். புகைப்படத்தைக் காட்டி, "இது நீங்கப்பா, இது அம்மா, இது நான். மழையில நனைஞ்சுக்கிட்டே எடுத்தது" என்று நானே கதை சொல்வேன். அவர் சிரித்துக்கொண்டு கேட்பார். யாருடைய கதை என்று தெரியாமலேயே ரசிப்பார். அந்த மாலை நேரங்கள்தான் இன்று எனக்கு மிச்சமிருக்கும் சொத்து.

இந்தப் பழக்கங்கள் நிலைத்ததற்கு ஒரு நோட்டுப் புத்தகம்தான் காரணம். செனகா தன் இரவுப் பழக்கத்தை எழுதியிருக்கிறார். விளக்கை எடுத்துக்கொண்டு போன பிறகு, அவர் வழக்கம் தெரிந்த மனைவியும் பேச்சை நிறுத்திவிடுவார். அந்த அமைதியில் அன்றைய நாள் முழுவதையும், செய்தது, சொன்னது எல்லாவற்றையும் திரும்பப் பார்ப்பார். எதையும் தன்னிடம் மறைக்க மாட்டார். ‘இதை மறுபடி செய்யாதே, இப்போது மன்னித்தேன்’ என்று தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியும்போது எதற்குப் பயப்படவேண்டும் என்று கேட்கிறார்.

அந்த மன்னிப்புதான் எனக்குப் புதிது. நான் அதுவரை இரவில் செய்துகொண்டிருந்தது தண்டனை. என்னை நானே திட்டிக்கொண்டு விடியவிடியக் கிடந்தால் மறுநாள் தூக்கமின்மையால் இன்னும் சீக்கிரம் கோபம் வரும், மறுபடியும் கத்துவேன். அந்தச் சுற்றை உடைத்தது இந்த நோட்டு. தினமும் ஐந்தாறு வரிதான். எங்கே தவறினேன், அந்த நேரத்தில் மனதில் வந்த வாக்கியம் என்ன, அடுத்த முறை என்ன செய்வேன். எதையாவது நன்றாகச் செய்திருந்தால் அதுவும். கடைசியில் ‘சரி, போதும், தூங்கு’ என்று எழுதி மூடுவேன். அந்த மூன்று வார்த்தையை நான் இன்றும் விடவில்லை. ஒன்றே ஒன்று ஆரம்பிக்க வேண்டுமானால் எதில் ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு இந்த நோட்டைத்தான் சொல்வேன்.

எல்லாப் பயிற்சியும் எனக்கு ஒத்துவந்தது என்று சொல்ல மாட்டேன். வரப்போகும் கஷ்டத்தை முன்கூட்டியே மனதில் பார்த்துப் பழகுவது ஒன்று உண்டு. நிறையப் பேர் இதைப் பரிந்துரைக்கிறார்கள். இயல்பிலேயே கவலைப்படும் ஆளான எனக்கு இது விஷமானது. அப்பா விழுவார், எலும்பு முறியும், மருத்துவமனை, அப்புறம்... என்று இரவில் படம் ஓடத் தொடங்கினால் நிற்காது. கற்பனையில் படும் பாடு நிஜத்தில் படும் பாட்டைவிட அதிகம் என்று செனகாவே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார், அதுதான் எனக்குப் பொருந்தியது.

பிறகு எபிக்டெட்டஸ் சொல்லும் குளியல் உதாரணத்தைப் பார்த்து, அதை எப்படிச் செய்யவேண்டும் என்று புரிந்துகொண்டேன். பொதுக் குளியலிடத்துக்குப் போகிறாயா? அங்கே தண்ணீரைத் தெறிப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், திருடுவார்கள். இதை முதலிலேயே நினைத்துக்கொள். ‘நான் குளிக்கவும் வேண்டும், என் மனதையும் கெடாமல் வைத்துக்கொள்ள வேண்டும்’ என்று சொல்லிக்கொண்டு போ. பாருங்கள், சின்ன விஷயம். அன்றைக்கே நடக்கப்போவது. தான் என்ன செய்யப்போகிறோம் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. மார்க்கஸ் அரேலியஸும் இதையே காலையில் செய்தார்: இன்று தலையிடுபவர்களை, நன்றி கெட்டவர்களை, பொறாமைக்காரர்களைச் சந்திக்கப்போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவர்களும் தன் உறவினர்களே என்ற இடத்தில் முடிக்கிறார். அதனால் நானும் ஒரு நிமிடத்துக்கு மேல் போவதில்லை. ‘இன்று மருத்துவமனையில் ரொம்ப நேரம் காக்கவைப்பார்கள், அப்பா எழுந்து எழுந்து நிற்பார், சுற்றியிருப்பவர்கள் பார்ப்பார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கவைப்பேன்.’ அத்தோடு நிறுத்திவிடுவேன். நிறுத்த முடியாதவர்கள் இந்தப் பயிற்சியைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1950களில் ஆல்பர்ட் எல்லிஸும் 60களில் ஆரன் பெக்கும் உருவாக்கிய உளச் சிகிச்சை முறைகளின் வேர் ஸ்டோயிக்குகளிடம் இருப்பதாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதற்காக இந்தப் புத்தகங்கள் மருத்துவருக்கு மாற்று ஆகிவிடாது. இரண்டாவது வருடக் கடைசியில் பல வாரம் எனக்கு எதிலும் ஆர்வமில்லை, படுக்கையிலிருந்து எழவே மனம் வரவில்லை. அப்போது மனநல மருத்துவரைப் பார்த்தேன். அந்த உதவி கிடைத்த பிறகுதான் புத்தகத்தில் படித்ததைச் செய்யத் தெம்பு வந்தது. அதே நிலையில் இருப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக, எனக்கு இன்றும் வலிக்கும் ஒரு தவறு. என் நெருங்கிய தோழியின் கணவர் திடீரென்று இறந்துபோனார். நான் இந்தப் புத்தகங்களில் மூழ்கியிருந்த முதல் வருடம் அது. அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நம் வசத்தில் இல்லாததைப் பற்றிச் சொன்னேன். எதுவும் நமக்குச் சொந்தமில்லை, திருப்பிக் கொடுக்கத்தான் கிடைத்தது என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு ஏழு மாதம் என்னோடு பேசவில்லை.

அதே கையேட்டில் 16ஆம் பகுதியை நான் சரியாகப் படித்திருந்தால் இது நடந்திருக்காது. துக்கத்தில் அழுபவரைப் பார்த்தால் ஆறுதல் சொல்லத் தயங்காதே, தேவைப்பட்டால் அவரோடு சேர்ந்து விம்மவும் செய் என்கிறார் எபிக்டெட்டஸ். உள்ளுக்குள் மட்டும் விம்மாதே என்று முடிக்கிறார்; அந்தக் கடைசிப் பகுதி என்னால் ஆகாது, ஆகவேண்டும் என்று நினைக்கவும் இல்லை. வேறொரு இடத்தில், ஆடுகள் தாம் தின்ற புல்லைக் கொண்டுவந்து மேய்ப்பனிடம் காட்டுவதில்லை, கம்பளியையும் பாலையும்தான் தருகின்றன என்கிறார். படித்ததைப் பேசாதே, செய்து காட்டு என்பதற்காகச் சொன்னது. நான் தோழியிடம் புல்லைக் கொண்டுபோய்க் கொட்டியிருந்தேன். ஏழு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவள் தன் கணவரைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் இரண்டு பேரும் அழுதோம்.

அப்பா போன வருடம் போய்விட்டார். ஆறு வருடம் நோயோடு இருந்து, ஒரு விடியற்காலையில், தூக்கத்திலேயே. நான்கு வருடம் பயிற்சி செய்தவள், தயாராக இருப்பேன் என்று நினைத்திருந்தேன். செய்தி கேட்டு வந்த தம்பியைப் பார்த்ததும் உடைந்து அழுதேன். அன்னேயஸ் செரினஸ் என்ற நண்பர் இறந்தபோது தானே அளவுமீறி அழுததாகவும், துக்கத்துக்குத் தோற்றவர்களின் வரிசையில் தானும் ஒருவன் என்றும் செனகா ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். வயதான காலத்தில், பிறருக்கு ஆறுதல் எழுதும்போது அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த வரிகள் அன்று எனக்குத் துணையாக இருந்தன. கண்ணீர் வந்தபோது அதைத் தடுக்கவில்லை. ‘இன்னும் நன்றாகப் பார்த்திருக்கலாமே’ என்ற வாக்கியம் வந்தபோது அதைப் பிடித்து நிறுத்திப் பார்த்தேன். நோட்டில் நான்கு வருடத்துக்கான பதில் இருந்தது.

தோழி வந்திருந்தாள். எதுவும் பேசவில்லை. என் தோளில் கை வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். போகும்போது, "நாளைக்கும் வரேன்" என்றாள்.

எல்லோரும் தூங்கிய பிறகு நோட்டை எடுத்தேன். அன்றைக்கு இரண்டே வரி. ‘நிறைய அழுதேன். அவள் வந்து கூட இருந்தாள்.’ அதற்குக் கீழே, வழக்கம்போல, ‘சரி, போதும், தூங்கு.’ விளக்கை அணைப்பதற்கு முன் போய்க் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். பூட்டித்தான் இருந்தது.